பாட்டும் பாஸ்போர்ட்டும்

ஒரு பாடகியைக் கண்டு ஒரு சர்க்கார் பயப்படுவது தினமும் நடக்கிற காரியம் அல்ல. 1960-ல் தென்னாப்பிரிக்க வெள்ளையர் சர்க்கார் அப்படிப் பயந்தது. அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்த மிரியம் மகேபா என்ற 28 வயதுப் பெண்மணி, தாயார் காலமான செய்தி கேட்டு ஊர் திரும்ப முயன்றார். முடியவில்லை. அவருடைய பாஸ்போர்ட் ரத்துச் செய்யப்பட்டிருந்தது. அவர் மீது வழக்கு எதுவும் இல்லை. எந்த நீதிமன்றமும் அவரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. தாயின் உடல் மீது ஒரு பிடி மண் போடும் உரிமை, ஓர் அலுவலக முத்திரையால் பறிபோயிற்று. அந்த மண்ணை அவர் மறுபடி மிதிப்பதற்கு 30 ஆண்டுகள் ஆயின.

தூக்கு மரமும் சிறைக் கொட்டடியும் கொடுமை என்பது எல்லோருக்கும் தெரியும். "வீட்டுக்கு வராதே" என்பதும் அதே வரிசையைச் சேர்ந்த தண்டனைதான். சர்க்காருக்கு இதில் செலவில்லை, காவலர் தேவையில்லை, பத்திரிகைகளில் படமும் வராது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, எட்டணா மிச்சம் பிடித்து ரயில் கட்டணம் சேர்த்து வைக்கிறவர்களுக்கு இந்தத் தண்டனையின் கனம் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகவே விளங்கும்.

மகேபா 1932 மார்ச் 4-ந் தேதி ஜோஹன்னஸ்பர்க்கின் கறுப்பர் குடியிருப்பு ஒன்றில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். தாயார் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர், நாட்டு வைத்தியமும் அறிந்தவர். குழந்தை பிறந்த 18-வது நாள் போலீஸ் வந்தது. வீட்டில் சோளத்தில் காய்ச்சிய பீர் விற்றதுதான் தாயார் செய்த குற்றம். கறுப்பர் பெண்கள் பலருக்கு அந்தக் காலத்தில் அதுவே குடும்பத்தைத் தாங்கிய உபதொழில். சட்டப்படி அது குற்றம். அபராதம் கட்டப் பணமில்லை. ஆறு மாதச் சிறைவாசம். கைக்குழந்தையும் கூடவே போயிற்று. பேச்சு வருவதற்கு முன்பே சிறை பார்த்த பெண், பின்னாளில் வாய் திறந்து பேசியதற்காக நாடு கடத்தப்பட்டார் என்பது கதாசிரியர் எவரும் கற்பனை செய்யத் துணியாத பொருத்தம்.

ஆறு வயதில் தந்தை இறந்தார். தாயார் வேலை செய்த வெள்ளையர் வீடு ஓரிடம். குழந்தைகள் பாட்டி வீட்டில் வளர்ந்தது வேறிடம். பிரிட்டோரியாவில் மெதடிஸ்ட் பாதிரிமார் நடத்திய பள்ளியில் கோஷ்டி கானத்தில் பாடக் கற்றார். பிறகு படிப்பு நின்றது. வீட்டு வேலைக்குப் போனார். பதினெட்டு வயதுக்குள் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, அடித்துத் துன்புறுத்திய கணவன், அவன் கைவிட்டுப் போனது, மார்பில் புற்றுநோய். இவ்வளவும் ஆன பிறகே பாட்டு அவருக்குத் தொழிலாயிற்று.

முதலில் மன்ஹாட்டன் பிரதர்ஸ் என்ற ஆண்கள் குழுவில் ஒரே பெண் குரலாகப் பாடினார். 1956-ல் ஸ்கைலார்க்ஸ் என்ற பெண்கள் குழு. தேவாலயப் பாட்டு, அமெரிக்க நீக்ரோவரின் ஜாஸ், கோஸா, ஜுலு மொழிகளின் நாட்டுப் பாடல் எல்லாம் ஒன்றாகக் கலந்த சங்கீதம் அது. இசைத்தட்டுகள் விற்றன. ஆனால் விற்ற தட்டுக்குப் பங்குத்தொகை கறுப்பர் கலைஞருக்கு வராது; பாடிய அன்று கையில் வைக்கும் சில பவுன்தான். கச்சேரி முடிந்து நள்ளிரவில் திரும்பும்போது போலீஸ்காரன் நிறுத்தினால் "பாஸ்" காட்ட வேண்டும்.

இந்தப் பாஸ் என்பது என்ன என்று சொல்லாமல் மகேபாவின் கதையைச் சொல்ல முடியாது. கறுப்பர் ஒருவர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டுமானால், அவர் அங்கேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்தவராக இருக்க வேண்டும். அல்லது ஒரே முதலாளியிடம் 10 ஆண்டு இடைவிடாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். அல்லது 15 ஆண்டு சட்டப்படி அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இல்லையேல் தனி அனுமதி வேண்டும். 1952 சட்டம் இப்படி வகுத்தது. புகைப்படம் ஒட்டிய ஒரு புத்தகத்தை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். அதில் முதலாளி மாதா மாதம் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதம் கையெழுத்து விட்டுப் போனால் சிறை, அல்லது பார்த்தே இராத "சொந்த ஊருக்கு" மூட்டை கட்டுதல். சொந்த நாட்டிலேயே கோடிக்கணக்கானவர்களை வந்தேறிகளாக ஆக்கிய ஏற்பாடு இது. வேலை செய்ய உடல் வேண்டும், குடியிருக்க ஆள் வேண்டாம் என்பதே இதன் சாரம். 1986-ல்தான் இது ஒழிந்தது.

இந்தப் பாஸ் சட்டம் பற்றிய படத்தில்தான் மகேபா முதன் முதலாக உலகத்தின் கண்ணில் பட்டார். லயனல் ரோகோசின் என்ற அமெரிக்க டைரக்டர், சங்கீதப் படம் எடுப்பதாக அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு, ரகசியமாக "கம் பேக், ஆப்பிரிக்கா" என்ற படத்தை எடுத்தார். கிராமத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பிழைக்க வந்த ஒரு கூலியாள், சுரங்கம், வீட்டு வேலை, ஓட்டல் என்று மாறி மாறி வேலை இழந்து சீரழிவதுதான் கதை. தொழில்முறை நடிகர்கள் கிட்டத்தட்ட இல்லை. அதில் மகேபா வருவது நாலு நிமிஷம். கள்ளுக்கடை போன்ற ஓரிடத்தில் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடுகிறார். 1959-ல் வெனிஸ் படவிழாவில் அந்தப் படம் விமர்சகர் பரிசு பெற்றது. நாலு நிமிஷம் பார்த்தவர்கள் அந்தப் பெண் யார் என்று கேட்டார்கள். அதே ஆண்டில்தான் "கிங் காங்" என்ற இசை நாடகத்தில், ஒரு குத்துச்சண்டை வீரனின் கதையில், கதாநாயகியாக நடித்து ஜோஹன்னஸ்பர்க்கில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பார்த்த அபூர்வ வெற்றியைக் கண்டிருந்தார்.

வெனிஸிலிருந்து லண்டன், லண்டனில் பாடகர் ஹாரி பெலபாண்டேயின் நட்பு, அங்கிருந்து அமெரிக்கா. அந்த ஆண்டு நவம்பரில் தொலைக்காட்சியில் பாடினார். 1962-ல் ஜனாதிபதி கென்னடியின் பிறந்த நாள் விழா மேடையில் பாடினார். கோஸா மொழியில் அவர் பாடிய ஒரு கல்யாணப் பாட்டு அமெரிக்கர்களை மயக்கியது. நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று விடுவிக்கும் சொடுக்கு ஒலி அம்மொழியில் ஓர் எழுத்து. நம் ஊரில் மாடு ஓட்டுகிறவர் வாயில் கேட்கிற ஒலிக்கு அது தூரத்து உறவு. அந்தப் பாட்டின் பெயரை உச்சரிக்க முடியாத வெள்ளையர் அதற்குச் "சொடுக்குப் பாட்டு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகேபா அதை மேடையிலேயே சிரித்துக்கொண்டு எடுத்துச் சொல்லித் திருத்துவது வழக்கம். "ழ"கரத்தை வைத்துக்கொண்டு வெளிமாநிலத்தில் காலம் தள்ளுகிறவர்கள் அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்வார்கள். தலைமுடியை நீட்டி நிமிர்த்திக்கொள்ளவும் அவர் மறுத்தார். சுருட்டை முடியோடு மேடையேறினார். அமெரிக்கக் கறுப்பர் பெண்கள் அதைப் பார்த்துத் தங்கள் முடியையும் அப்படியே விட ஆரம்பித்தார்கள்.

1960 மார்ச் 21-ந் தேதி ஷார்ப்வில்லில் பாஸ் புத்தகம் இல்லாமல் வந்து "எங்களைக் கைது செய்யுங்கள்" என்று நின்ற கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் மாண்டார்கள். மகேபாவின் உறவினர் இருவரும் அதில் அடக்கம். அதையடுத்துத்தான் தாயாரின் மரணம், பாஸ்போர்ட் ரத்து. அதுவரை அவர் முக்கியமாகப் பாடகி. அதன் பிறகு அவரைப் பேச வைத்தது அவரைத் தடுத்த சர்க்காரேதான்.

1963 ஜூலையில் ஐ.நா. சபையின் நிற ஒதுக்கல் எதிர்ப்புக் கமிட்டி முன் ஆஜராகி மகேபா சாட்சியம் சொன்னார். சிறையில் அடைக்கப்பட்ட தலைவர்களை விடுவிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை நிறுத்த வேண்டும். விற்கிற ஆயுதங்கள் பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும்தான் பிரயோகமாகும், ஆகவே ஆயுதம் விற்காதீர்கள். இதுவே அவர் கேட்டது. பதிலுக்கு அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. நாடு திரும்பும் உரிமை பறிக்கப்பட்டது. அவர் இசைத்தட்டுகள் தென்னாப்பிரிக்காவில் தடை செய்யப்பட்டன. அந்தத் தடையினால் அவர் குரல் ஊரில் கேட்காமல் போய்விடவில்லை. ஒளித்து வைத்துக் கேட்டார்கள். தடை செய்த சர்க்காருக்குக் கிடைத்த லாபம் இவ்வளவே.

1948 டிசம்பர் 10-ந் தேதி ஐ.நா. சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 13-வது ஷரத்து, தன் நாட்டை விட்டுப் போகவும் தன் நாட்டுக்குத் திரும்பி வரவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. 15-வது ஷரத்து, எவருடைய தேசிய உரிமையையும் தன்னிச்சையாகப் பறிக்கலாகாது என்கிறது. அன்று வாக்களிக்காமல் ஒதுங்கிய எட்டு நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று என்பதை நினைத்தால், அந்த ஒதுங்கலில் ஒரு நேர்மை இருந்ததாகக்கூடச் சொல்லலாம். கையெழுத்திட்டுவிட்டு மீறுகிறவர்களும் உண்டல்லவா?

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. 1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை "பொது நலனுக்காக" முடக்கி வைத்த மத்திய சர்க்கார் காரணம் சொல்ல மறுத்தது. 1978 ஜனவரி 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, காரணம் சொல்லாமலும் சம்பந்தப்பட்டவரின் பதிலைக் கேட்காமலும் பாஸ்போர்ட்டில் கை வைப்பது நியாயமான நடைமுறை ஆகாது என்றும், 21-வது ஷரத்தின் தனிமனித சுதந்திரத்தில் அது அடங்கும் என்றும் விளக்கியது. பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனமிரங்கித் தருகிற இனாம் அல்ல என்பது இதனால் உறுதிப்பட்டது. மகேபாவுக்கு அப்படி ஒரு கோர்ட்டு வாசல் இருக்கவில்லை.

இந்த விஷயத்தில் இந்தியா தலைநிமிர்ந்து சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அவர் 1963-ல் கேட்ட வர்த்தகத் தடையை இந்தியா 1946-லேயே, சுதந்திரம் வருவதற்கு முன்பே, விதித்துவிட்டது. பல ஆண்டுகள் இந்திய பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்கா போகச் செல்லாது என்றே அச்சிட்டிருந்தார்கள். அங்கே போன இந்தியர்களின் கதை அதற்குக் காரணம். 1860-ல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன கூலிகளில் தமிழர் கணிசமானவர்கள். மகேபா பிறந்த அதே ஜோஹன்னஸ்பர்க்கில், அவருக்கு 34 ஆண்டு முன்னால் பிறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. காந்திஜியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் மாண்டவர். பாஸ் சட்டமும் மூன்று பவுன் தலைவரியும் ஒரே உலையில் வடித்த இரும்பு.

மகேபாவை அமெரிக்கா ஏந்திக்கொண்டது என்று சொல்லும்போது, மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். அங்கேயும் அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்துக்காகப் பாடிய பிறகு, கறுப்பர் என்பதற்காக ஓர் ஓட்டலில் அவரையும் தோழர்களையும் உள்ளே விட மறுத்தார்கள். 1966-ல் பெலபாண்டேயுடன் சேர்ந்து பாடிய தொகுப்புக்கு கிராமி பரிசு கிடைத்தது. 1967-ல் "பாட்டா பாட்டா" அமெரிக்காவெங்கும் ஒலித்தது. மறு ஆண்டு, 1968-ல், கறுப்பர் இயக்கத்தின் தீவிரத் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேலை மணந்தார். உடனே காற்று மாறிற்று. ஒப்புக்கொண்ட கச்சேரிகள் ரத்தாயின. போலீஸ் உளவாளிகள் பின்தொடர்ந்தார்கள். பஹாமாஸ் தீவுக்குப் போயிருந்தபோது, அமெரிக்கா திரும்ப விசா மறுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கா உத்தரவு போட்டுச் செய்ததை, சுதந்திர நாடு உத்தரவில்லாமலே செய்து முடித்தது. பாட்டை ரசித்தவர்களுக்கு, பாடியவர் யாரை மணந்தார் என்பது ஏன் பொறுக்கவில்லை? கறுப்பர் பெண் பாடலாம், ஆடலாம், சிரிக்கலாம். அபிப்பிராயம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அங்கிருந்த எழுதாத நிபந்தனை.

"பாட்டா பாட்டா" பற்றி ஒரு வார்த்தை. "தொடு, தொடு" என்று பொருள்படும் ஒரு குடியிருப்பு நடனத்தின் பெயர் அது. மற்றப் பாட்டுகளில் எவ்வளவோ விஷயம் இருக்க, இந்த ஒன்றுமில்லாத பாட்டுக்காக உலகம் தன்னை நினைவில் வைத்திருப்பது அவருக்குக் கடைசிவரை வருத்தம். ஆனாலும் கேட்ட ஜனங்களை ஏமாற்றாமல் ஒவ்வொரு கச்சேரியிலும் பாடினார். தொழில் தெரிந்த கலைஞரின் பண்பு அது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாடு இடம் கொடுத்தது. அங்கே சுமார் 15 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நாட்டுப் பிரதிநிதியாக ஐ.நா. பொதுச் சபையிலும் பேசினார். குடியுரிமை இல்லாதவர், ஒரு நாட்டின் குரலாகச் சபையேறினார். ஒன்பது நாடுகள் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுத்தன. 1963-ல் ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனம் அடிஸ் அபாபாவில் பிறந்தபோது பாடினார். கென்யா, மொசாம்பிக் முதலிய நாடுகளின் சுதந்திர விழாக்களில் பாடினார். இவ்வளவு இருந்தும், கினி வாழ்க்கையில் ஒரு நெருடல் இருப்பதை மறைப்பது நியாயமன்று. அவருக்கு அடைக்கலம் தந்த ஜனாதிபதி செகூ தூரேயின் ஆட்சி ஒரு கட்சி ஆட்சி. அதன் எதிரிகள் கொனாக்ரியில் பொய்ரோ முகாமில் பட்டினியால் மாண்டார்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனத்தின் முதல் பொதுச் செயலாளரான டியாலோ டெல்லியே 1977-ல் அங்கே இறந்தார். தூரேயின் நட்பையும் ஆதரவையும் பெற்றே மகேபா அந்நாட்டில் வாழ்ந்தார். அகதிக்கு இடம் கொடுத்தவனை அகதி தட்டிக் கேட்பது எளிதன்று என்பது உண்மை. அந்தச் சிறைகளில் கிடந்தவர்களின் தாய்மார்களும் தாய்மார்களே என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டியிருக்கிறது.

1985-ல் ஒரே மகள் போங்கி பிரசவத்தில் இறந்தார், கொனாக்ரியில் புதைத்தார்கள். தாயின் கல்லறை ஒரு தேசத்தில், மகளின் கல்லறை இன்னொரு தேசத்தில் என்றாயிற்று. அதன் பிறகு அவர் பெல்ஜியத்துக்குப் போனார். 1987-ல் பால் ஸைமன் என்ற அமெரிக்கப் பாடகரின் உலகச் சுற்றுப்பயணத்தில் சேர்ந்து பாடினார். ஸைமன் ஐ.நா. விதித்த கலாசாரப் பகிஷ்காரத்தை மீறி ஜோஹன்னஸ்பர்க்கில் இசைத்தட்டுப் பதிவு செய்தவர் என்று கண்டனம் எழுந்திருந்த நேரம். பகிஷ்காரம் கேட்டவரே பகிஷ்காரத்தை மீறியவருடன் பாடலாமா என்று சிலர் கேட்டார்கள். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் பகிஷ்காரத்தின் முழு விலையையும் 27 ஆண்டாகத் தன் வாழ்க்கையால் கட்டி வந்தவரிடம் அதைக் கேட்கும்போது, கேட்கிறவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானார். அவர் வற்புறுத்தியதன் பேரில் மகேபா ஜூன் 10-ந் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் வந்து இறங்கினார். கையில் இருந்தது பிரெஞ்சு பாஸ்போர்ட். சொந்த ஊரில் அந்நிய தேசத்து ஆளாக வரிசையில் நின்று உள்ளே வந்தார். 1992-ல் "சரஃபினா" படத்தில், வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் ஒரு தாயாக நடித்தார். தன் தாயார் செய்த வேலை அது; சிறு வயதில் தானே செய்த வேலை அது. நடிப்புக்கு ஒத்திகை அதிகம் தேவைப்பட்டிராது. மிட்ராண்டில் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கென்று ஓர் இல்லமும் அவர் பெயரில் ஏற்பட்டது.

2008-ல் அவருக்கு வயது 76. மூட்டு நோய்; விடைபெறும் பயணம் 2005-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் இத்தாலியில் காஸ்டல் வால்டூர்னோ என்ற கடற்கரை ஊரிலிருந்து அழைப்பு வந்தபோது போனார். நேப்பிள்ஸ் நகருக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்த ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். தக்காளி பறிப்பதும் கட்டட வேலையும் அவர்கள் தொழில். பலரிடம் தங்குவதற்கான காகிதம் கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, கமோரா என்ற குண்டர் கூட்டத்தார் அங்கே ஒரு தையற்கடையில் புகுந்து சரமாரியாகச் சுட்டார்கள். ஆறு ஆப்பிரிக்கர்கள் மாண்டார்கள். மறுநாள் அவர்களுடைய தோழர்கள் தெருவில் இறங்கி, எங்களைக் கொள்ளைக்காரர்கள் என்று எழுதாதீர்கள், நாங்கள் வேலை செய்ய வந்தவர்கள் என்று கத்தினார்கள்.

நவம்பர் 9-ந் தேதி இரவு நடந்த கச்சேரி, அந்தக் குண்டர்களைப் பற்றி எழுதியதற்காக உயிருக்கு ஆபத்து வந்து போலீஸ் காவலில் வாழ்ந்த எழுத்தாளர் ரொபர்ட்டோ சவியானோவுக்கு ஆதரவாகவும், நிறவெறிக்கு எதிராகவும் ஏற்பாடானது. மகேபா அரை மணி நேரம் பாடினார். "பாட்டா பாட்டா" பாடி முடித்தார். மேடையை விட்டு இறங்கியவர் மாரடைப்பால் சாய்ந்தார். பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. அந்தத் தையற்கடையில் மாண்ட ஆறு பேரின் ஊரைச் சேர்ந்தவர்கள் பலர் அன்று இரவு கூட்டத்தில் இருந்தார்கள்.